மறதி என்று நம்பப்பட்ட செவிக்குறை: ஒரு மேடை, தொலைக்காட்சி நடிகரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னையில் மேடையிலும் தொலைக்காட்சியிலும் நடித்துவரும் ஒருவருக்கு 2020 முதல் 2024 வரை நேர்ந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். அவருடைய நாடகக் குழுவில் முதலில் பிராம்ப்டராகவும் (மறைவிலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவர்) பின்னர் எழுத்தாளர், இயக்குநராகவும் இருந்து வருபவன் என்ற முறையில் இதில் எனக்கும் பங்குண்டு. அந்தப் பங்கு முழுவதும் பெருமைக்குரியது அல்ல. அவருடைய ஒப்புதலோடு எழுதப்படும் இக்குறிப்பில் அவருடைய பெயர், குழுவின் பெயர், தொடர்களின் பெயர்கள் ஆகியவற்றைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

அவர் 1956இல் பிறந்தவர். 1978இல், அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்த அதே ஆண்டில், மயிலாப்பூர்ப் பகுதியில் இயங்கிய ஒரு சபா நாடகக் குழுவிலும் சேர்ந்தார். பகலில் அலுவலகம், மாலையில் ஒத்திகை, வார இறுதியில் நாடகம் என்ற இந்த வாழ்க்கைமுறை தமிழ் மேடைக்குப் புதியதன்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோதே, நாடகத்தைத் தொழிலாகக் கொள்ளாத படித்தவர்கள் வேடம் கட்டும் மரபு சென்னையில் வேரூன்றிவிட்டது. இன்னொரு மரபு, சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளின் மரபு. அங்கே சிறுவர்கள் பாட்டையும் வசனத்தையும் நெட்டுருப் போட்டே நடிகர்களானார்கள். நம் நடிகர் முதல் மரபைச் சேர்ந்தவர் என்றாலும் அவருக்குப் பயிற்சியளித்தவர் இரண்டாம் மரபில் வளர்ந்த முதியவர். ஆகவே வசனத்தைப் பாடம் பண்ணாமல் ஒத்திகைக்கு வருவதை நம் நடிகர் எப்போதும் ஒரு குற்றமாகவே கருதிவந்தார். தன் வசனத்தை மட்டுமன்றி எதிரே நிற்பவரின் வசனத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பார். 1992 முதல் 12 ஆண்டுகள் சைடு விங்கில், அதாவது மேடையோர மறைவில், பிரதியோடு உட்கார்ந்திருந்த எனக்கு அவர் வேலை வைத்த தருணங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் ஸ்டுடியோ நாடகங்களில் இவர் 1981 முதல் நடித்தார். அக்காலத்தில் தொலைக்காட்சி நாடகமும் மேடை நாடகத்தைப் போலவே முழு ஒத்திகைக்குப் பின்னர்தான் ஒளிப்பதிவாகும் என்பதால், அவருடைய பழக்கத்துக்கு அங்கே இடைஞ்சல் ஏற்படவில்லை. 1993இல் சன் தொலைக்காட்சி வந்து, அதன்பின் தனியார் அலைவரிசைகள் பெருகி, வாரத் தொடர்கள் நாள்தோறும் வரும் நெடுந்தொடர்களாக மாறியபோதுதான் நடிப்பின் அன்றாடம் முற்றிலும் மாறியது. 2001இல் விருப்ப ஓய்வு பெற்று முழுநேர நடிகரான அவருக்கு, அடுத்த 20 ஆண்டுகளில் அப்பா, மாமனார், பெரியப்பா வேடங்கள் தடையின்றி வந்தன. நாயகியின் அப்பா என்றால் மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் கால்ஷீட் உறுதி. ஓய்வூதியத்தோடு அந்த வருமானமும் சேர்ந்துதான் குடும்பம் நடந்தது.

நெடுந்தொடர்த் தளத்தில் வேலை நடக்கும் விதத்தை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இந்த நிகழ்வின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அன்றைய காட்சிக்கான தாள் பெரும்பாலும் அன்று காலைதான் கைக்கு வரும். சில நாள் மேக்கப் போட்டு முடிந்த பிறகும் வசனகர்த்தாவிடமிருந்து வந்திருக்காது. ஒரே நாளில் பல காட்சிகளை முடித்தாக வேண்டியிருப்பதால், நடிகர்கள் வசனத்தைப் பாடம் பண்ணுவார்கள் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் உதவி இயக்குநர் ஒவ்வொரு வரியாக வாசிப்பார், நடிகர் அதைக் கேட்டவுடன் உணர்ச்சியோடு திரும்பச் சொல்வார். டப்பிங் செய்யும் தொடரானால் பிராம்ப்டரின் குரல் பதிவானாலும் பாதகமில்லை. நடிக்கும்போதே குரலைப் பதியும் லைவ் சவுண்டானால் இடையில் விழும் அந்தக் குரலை எடிட்டிங்கில் வெட்டிவிடுவார்கள். மேடையில் நடிகரின் காது எதிர்நடிகரின் வசனம் முடியும் இடத்தை அறிய மட்டுமே தேவைப்படுகிறது. நெடுந்தொடரிலோ ஒவ்வொரு சொல்லும் காது வழியாகவே நாக்குக்கு வருகிறது.

தளத்தில் தெரிந்தவை

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்றுபோன படப்பிடிப்புகள் சில மாதங்களுக்குப் பின் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் தொடங்கின. கேமராவுக்கு முன்னால் நிற்பவர்களைத் தவிர அனைவரும் முகக்கவசம் அணிந்தார்கள். பிராம்ப்டிங் செய்பவர் முன்பைவிடத் தள்ளி நின்றார். நம் நடிகர் அப்போது நாயகியின் பெரியப்பாவாக, இரண்டாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தொடரில் நடித்துவந்தார்.

திரும்பி வந்த முதல் வாரத்திலிருந்தே டேக்குகள் கூடின. சொத்துத் தகராறுக் காட்சி ஒன்றில் உதவி இயக்குநர் "பத்திரம் யார்கிட்ட இருக்கு?" என்று வாசிக்க, இவர் அண்ணன் மகனை உறுத்துப் பார்த்து "சத்திரம் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். அதே காட்சியில் "தம்பிக்கு ஒரு பங்கு" என்பது "தம்பிக்கு ஒரு சங்கு" ஆனது. முதல் நாள் யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். இரண்டாம் வாரத்தில் யாரும் சிரிக்கவில்லை. நான்கு பக்கக் காட்சிக்கு ஒரு மணி நேரம் ஆக வேண்டிய இடத்தில் இரண்டரை மணி நேரம் ஆனால், மாலை ஆறு மணிக்குள் முடிக்க வேண்டிய வேலை முடியாது. கூடவே நிற்கும் மற்ற நடிகர்களின் முகமும் மாறும். அவருடைய வசனங்கள் முதலில் குறைக்கப்பட்டன. அடுத்து, பேசும் காட்சிகளில் அவரைத் தூரத்தில் உட்காரவைத்து ரியாக்‌ஷன் மட்டும் எடுத்தார்கள். "சாருக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் நிக்கல" என்பது தளத்தில் பொதுப் பேச்சாயிற்று.

அவ்வாண்டு நவம்பரில் ஒரு நாள் கால்ஷீட்டுக்கு அழைப்பு வரவில்லை. மறுவாரம் தொலைக்காட்சியில் வேறொருவர் அதே திண்ணையில் அதே துண்டோடு உட்கார்ந்திருக்க, திரையின் கீழே "இவருக்குப் பதில் இவர்" என்ற வரி ஓடியது. நெடுந்தொடர் பார்ப்பவர்களுக்கு அந்த வரி பழகிப்போனது. அதில் வரும் முதல் "இவர்" தன் வீட்டுக் கூடத்தில் மனைவி, மருமகளோடு உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

முதலில் எடுத்த முடிவுகள்

குடும்பத்தார் அஞ்சியது மறதி நோய்க்குத்தான். அவருடைய தாயார் இறுதிக் காலத்தில் பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் இருந்தவர் என்பதால் அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. டிசம்பரில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். அங்கே, ஐந்து சொற்களைச் சொல்லி அவற்றைத் திரும்பச் சொல்லவைத்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் கேட்பது போன்ற கேள்விகள் அடங்கிய நினைவாற்றல் சோதனை நடந்தது. மருத்துவர் இரட்டை முகக்கவசம் அணிந்து, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்திருந்தார். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மதிப்பெண் இயல்பு நிலைக்குச் சற்றுக் கீழே வந்தது. ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்று எழுதிக்கொடுத்தார்கள். சொற்கள் அவர் காதில் சரியாக விழுந்தனவா என்று அங்கே யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2021 பிப்ரவரியில் குழு மீண்டும் கூடியபோது நானும் அதே முடிவுக்கு வந்தேன். அவர் வழக்கமாக ஏற்கும் முதன்மை வேடத்தை வேறொருவருக்கு மாற்றி, இரண்டு காட்சிகளில் வந்துபோகும் வேடத்தை அவருக்குக் கொடுத்தேன். காரணம் கேட்டபோது, "உங்க உடம்பைப் பாத்துக்கணும் சார்" என்றேன். அது பொய். மேடையில் நடுக்காட்சியில் நின்றுவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். அவர் மறுப்புச் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டது இரண்டாவது தவறு. இரண்டாம் அலையால் அந்த நாடகம் மேடையேறாமலே நின்றுபோனது.

ஒத்திகையில் கிடைத்த தடயம்

அக்டோபரில் ஒத்திகைகள் மறுபடி தொடங்கின. முதன்மை வேடக்காரர் ஒரு நாள் வரவில்லை. ஒத்திகை வீணாக வேண்டாமே என்று இவரை நிற்கச் சொன்னேன். ஒன்றே முக்கால் மணி நேர நாடகம். கையில் தாள் இல்லாமல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சொன்னார். ஒரு வரிகூடப் பிசகவில்லை. எட்டு மாதத்துக்கு முன் அவரிடமிருந்து பறித்த வேடம் அது. அதற்குப்பின் பிரதியை அவர் தொட்டிருக்க வாய்ப்பில்லை.

அன்றிரவு பழைய பிராம்ப்டரின் கண்ணோடு இதை யோசித்தேன். வசனம் மறக்கிற நடிகர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மறப்பவர் நின்றுவிடுவார், அல்லது அதே போன்ற சொல்லில் முடியும் பின்வரி ஒன்றுக்குத் தாவி ஒரு பக்கத்தையே விழுங்கிவிடுவார், அல்லது சொன்னதையே சுற்றிச் சுற்றிச் சொல்வார். பத்திரத்தைச் சத்திரம் என்பவர் மறந்தவர் இல்லை. அந்த இரண்டு சொல்லிலும் உயிரொலிகள் ஒன்றே, மாறியிருப்பது ஒரு மெய் மட்டும். பங்கு, சங்கு என்பதும் அவ்வாறே. மேலும், தயங்காமல் முழு உணர்ச்சியோடு அவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். தனக்குச் சொல்லப்பட்டது அதுதான் என்று நம்பிய ஒருவரால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

அந்தத் தொடரில் பணிபுரிந்த இணை இயக்குநர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து விசாரித்தபோது இன்னொன்று தெரிந்தது. பெண் உதவி இயக்குநர் வாசித்த நாட்களில் தவறுகள் அதிகம்; கனத்த குரலுள்ள இந்த இணை இயக்குநர் வாசித்த நாட்களில் குறைவு. அந்தப் பெண்ணுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று அப்போது அவர்கள் முடிவுகட்டி, அவரை, காட்சிகளின் தொடர்ச்சியைக் கவனிக்கும் கன்டினியூட்டி வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். இந்த நிகழ்வில் காரணமின்றிப் பாதிக்கப்பட்ட இன்னொருவர் அவர்.

மறுநாள் இரண்டு சிறு சோதனைகள் செய்தேன். புதிதாக எழுதிய நான்கு பக்கக் காட்சியைக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த மாலை தடையின்றிச் சொன்னார். பிறகு, அவருக்குத் தெரியாத வேறொரு காட்சியை அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று சாதாரணக் குரலில் வாசித்துத் திரும்பச் சொல்லச் சொன்னேன். ஆறாவது வரியில் அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எதற்காகத் திரும்பினார் என்பது எங்கள் இருவருக்குமே புரிந்துவிட்டது.

செவிப் பரிசோதனை

நவம்பரில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். இரு காதிலும் இருந்த மெழுகை அகற்றிய பிறகு, செவித்திறன் ஆய்வாளர் ஒலியடைத்த அறையில் பரிசோதித்தார். 500 ஹெர்ட்ஸ் ஒலியை 25 டெசிபல் அளவிலேயே கேட்ட அவருக்கு, 2,000 ஹெர்ட்ஸில் 45 டெசிபலும் 4,000 ஹெர்ட்ஸில் 65 டெசிபலும் தேவைப்பட்டன. இரு காதிலும் ஏறத்தாழ ஒரே சரிவு. வயதோடு வரும் செவிக்குறையின் வழக்கமான வடிவம் இது என்றார் ஆய்வாளர்.

அவர் தந்த விளக்கம் எங்களுடைய ஓராண்டுக் குழப்பத்தை அவிழ்த்தது. பேச்சில் உயிரொலிகளின் வலு பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. க, ச, த, ப போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணிய ஒலிகள் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. மேற்பகுதியை மட்டும் இழந்த காதுக்குப் பேச்சு கேட்கும், தெளிவாக இராது. "கேட்கிறதா?" என்று கேட்டால் "கேட்கிறது" என்றே உண்மையாகப் பதில் வரும். விட்டுப்போன மெய்யை மூளை இடம், பொருளைக் கொண்டு ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. அந்த ஊகத்துக்கு இதுநாள்வரை பெரிதும் கைகொடுத்தவை, பேசுகிறவரின் உதடுகள். தான் உதடு பார்க்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முகக்கவசம் உதட்டையும் மறைத்தது, உயர் அதிர்வெண்களையும் மேலும் மட்டுப்படுத்தியது. தள்ளி நின்றதில் ஒலி இன்னும் தேய்ந்தது. ஏசியும் ஜெனரேட்டரும் எழுப்பிய இரைச்சல் மிச்சத்தை விழுங்கியது. குறை 2020இல் தோன்றியதன்று, அவ்வாண்டில் வெளிப்பட்டது. நான்கைந்து ஆண்டுகளாகவே வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் பற்றித் தகராறு இருந்ததாக மருமகள் அப்போதுதான் சொன்னார்.

சொல்வதா, மறைப்பதா

காது கேட்கும் கருவி பொருத்திக்கொள்ள அவர் இரண்டு மாதம் மறுத்தார். விலை ஒரு காரணம். இரு காதுக்குமாகச் சேர்த்தால் அவருடைய பல மாதக் கால்ஷீட் வருமானம். ஆனால் அதைவிடப் பெரிய காரணத்தை ஒரு மாலை அவரே சொன்னார்: "மறதின்னா வயசாயிடுச்சுன்னு பாவம் பாப்பாங்கப்பா. காது கேக்கலைன்னா சிரிப்பாங்க." தளத்தில் மறதி என்று பேசப்பட்டபோது அவர் ஏன் மறுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தனக்குச் சொற்கள் சரியாக விழவில்லை என்பதை அவர் அரைகுறையாக உணர்ந்தே இருந்தார். இரண்டு அவமானங்களில் தாங்கக்கூடியதைத் தேர்ந்துகொண்டிருந்தார்.

சிரிப்பார்கள் என்று அவர் சொன்னதில் எனக்குள்ள பங்கையும் எழுதியாக வேண்டும். 2006இல் நான் எழுதிய நகைச்சுவை நாடகத்தில் காது மந்தமான தாத்தா ஒருவர் உண்டு. "மாப்பிள்ளை வந்தாச்சு" என்றால் "ஆப்பிளா? எனக்குப் பல் இல்லையே" என்பார். இவர்தான் அந்தத் தாத்தா. அந்த வரிக்குக் கிடைத்த கைத்தட்டலுக்காகவே அடுத்தடுத்த நாடகங்களிலும் அதே தாத்தாவைப் பெயர் மாற்றிச் செருகினேன். செவிக்குறையுள்ளவர் மேடையில் எதற்குப் பயன்படுவார் என்பதை இவர் என்னிடமிருந்தும் கற்றிருந்தார்.

கடைசியில் அவரை அசைத்தது நினைவாற்றல் பற்றிய கவலையே. கவனிக்கப்படாத செவிக்குறை மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய ஆபத்துக் காரணிகளுள் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020இல் வெளியிட்ட அறிக்கை பட்டியலிட்டிருப்பதை மருத்துவர் எடுத்துச் சொன்னார். கருவி போட்டால் நோய் வராது என்று தன்னால் உறுதி தர முடியாது என்றும் சேர்த்தே சொன்னார். 2022 ஜனவரியில் இரு காதிலும் கருவி பொருத்தப்பட்டது. பிப்ரவரியில், அமைதியான அறையில், கருவியோடு அதே வகை நினைவாற்றல் சோதனையை மீண்டும் செய்தபோது மதிப்பெண் இயல்பு வரம்புக்குள் வந்தது.

அடுத்த கேள்வி, வேலை கொடுப்பவர்களிடம் இதைச் சொல்வதா என்பது. எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. யாருக்கும் சொல்லக் கூடாது என்பது அவருடைய கருத்து. இயக்குநருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் மட்டும், ஒப்பந்தத்துக்கு முன்பே, அவர் வாயாலேயே சொல்வது என்று இறுதியில் ஒத்துக்கொண்டோம். இயக்குநருக்குத் தெரிந்தால்தான் பிராம்ப்டரின் இடத்தை மாற்ற முடியும். ஒலிப்பதிவாளருக்குத் தெரிந்தால்தான் கருவியிலிருந்து ஒலி வந்தால் காரணம் தேடி அலையமாட்டார். மேனேஜர்களிடம் சொல்வதில்லை என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார். அது சரிதான் என்று பிறகு தெரிந்தது: முதலில் வந்த ஒரு வாய்ப்பு, செய்தி எப்படியோ மேனேஜர் காதுக்குப் போனவுடன் நின்றுபோனது.

கருவி வந்த பிறகு

ஜூன் மாதம் வேறொரு தொடரில் தாத்தா வேடம் கிடைத்தது. அதன் இயக்குநர் மூன்று விஷயங்களுக்கு உடன்பட்டார். இயன்றவரை முந்தைய இரவே வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது; பிராம்ப்டிங் தேவைப்பட்டால் கேமராவுக்குப் பின்னால் நின்று வாசிக்காமல், அவர் பார்க்கும் திசையில், உதடு தெரியும்படி நின்று வாசிப்பது; தவறினால் அதே வரியைக் கத்திச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்வது. கடைசியது ஆய்வாளர் சொல்லித்தந்தது. கத்தும்போது உயிரொலிதான் பெருகும், மெய் தெளிவதில்லை. முதல் விஷயம் பாதி நாட்கள்தான் நடந்தது. நெடுந்தொடரின் அவசரத்தில் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமுமில்லை. இரண்டாவதே போதுமானதாக இருந்தது. சக நடிகர்களுக்கு இணையான டேக்குகளில் காட்சிகள் முடிந்தன.

நாங்கள் எதிர்பாராத சிக்கல்கள் மேடையில் வந்தன. முதலாவது, அவருடைய சொந்தக் குரல். கருவி காதை அடைப்பதாலும் அவருடைய பேச்சையும் சேர்த்துப் பெருக்குவதாலும் தன் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்றார். கத்துகிறோமோ என்ற கூச்சத்தில் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கருவியோடு நடித்த முதல் நாடகத்தில், நாற்பது ஆண்டுகளாகக் கடைசி வரிசைவரை மைக்கின் தயவின்றிப் போய்ச் சேர்ந்த குரல், பத்தாவது வரிசையிலேயே தேய்ந்தது. இடைவேளையில் ரசிகர் ஒருவர் என்னிடம் வந்து, "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆய்வாளர் காதை முழுதும் அடைக்காத துளையுள்ள முனையைப் பொருத்தி, மேடைக்கென்று தனி அமைப்பு ஒன்றையும் போட்டுத்தந்தார். அதன்பின்னும் ஒத்திகைதான் கைகொடுத்தது. அரங்கின் கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, குரல் இறங்கினால் கையை உயர்த்தச் சொன்னோம். காதை நம்பாமல் மார்பில் உணரும் அதிர்வைக் கொண்டு குரலை அளக்க அவர் பழகிக்கொள்ள ஏழு வாரம் ஆயிற்று. அறுபத்தாறு வயதில் ஒரு நடிகர் தன் குரலின் அளவை முதலிலிருந்து கற்றுக்கொண்டதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

இரண்டாவது, டோப்பா. புராண நாடகம் ஒன்றில் காதை மூடும் சடைமுடி வைத்தபோது, கருவியிலிருந்து வெளியேறும் ஒலி முடிக்குள் சிக்கித் திரும்பவும் அதன் மைக்குக்கே போய், கீச்சென்ற விசில் எழுந்தது. முன்வரிசைக்குக் கேட்டது, முனிவர் தவத்திலிருந்தார். மேக்கப்காரர் காதுக்கு மேல் முடியில் ஒரு சிறு வெட்டு விட்டு, அதன்மேல் வலைத்துணி தைத்து இதைத் தீர்த்தார். தொலைக்காட்சியில் குளோசப்பில் கருவி தெரிவது பற்றி நாங்கள் நிறையக் கவலைப்பட்டோம், அந்த இயக்குநரோ, "தாத்தாதானே சார், தெரிஞ்சா என்ன?" என்று ஒரே வரியில் அதை முடித்துவிட்டார்.

2023இல் ஒரு நாடகத்தின் நடுவே வலப்பக்கக் கருவியின் பேட்டரி தீர்ந்தது. அவர் பதறவில்லை. எதிர்நடிகரின் வசனமும் அவருக்குப் பாடமாயிற்றே; அவருடைய உதட்டைப் பார்த்தே காட்சியை முடித்தார். திரைக்குப் பின்னால் வந்து சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து புது பேட்டரி போடாமல் அவர் மேடையேறுவதில்லை.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

2021 பிப்ரவரியில் வேடத்தை மாற்றும் முன் அவரிடம் ஒரே ஒரு முறை முழுப் பிரதியைச் சொல்லச் சொல்லியிருந்தால் எட்டு மாதம் மிஞ்சியிருக்கும். என் கையிலேயே இருந்த எளிய சோதனை அது. அதைச் செய்யாததற்கு, அவரைச் சோதிப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் காரணம். கேட்காமல் வேடத்தைப் பறிப்பது அதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

எங்கள் குழுவில் இப்போது ஐம்பது வயதைக் கடந்த அனைவரும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செவிப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். முதல் சுற்றில் இன்னும் இருவருக்குத் தொடக்கநிலைக் குறை தெரிந்தது. நினைவாற்றல் சோதனைக்குப் போகிறவர்கள் முதலில் காதைப் பார்த்துக்கொண்டு போவது நல்லது என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். கன்டினியூட்டிக்கு மாற்றப்பட்ட அந்த உதவி இயக்குநருக்கு நடந்ததை விளக்கி, நடிகரே தொலைபேசியில் பேசினார். அவர் வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டிருந்தார். கேட்டு மகிழ்ந்தார் என்பதற்கு மேல் அதில் சரிசெய்ய எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பழைய தொடரில் நடிகருக்கு அவருடைய வேடம் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தத் தொடர் முடியும்வரை பதிலுக்கு வந்தவரே நடித்தார்.

2006ஆம் ஆண்டு நாடகத்தை 2024இல் மீண்டும் மேடையேற்ற முடிவானபோது, காது மந்தமான தாத்தா வரும் காட்சிகளை நீக்கிவிடுவதாக அவரிடம் சொன்னேன். நீக்க வேண்டாம் என்றார். பிரதியை வாங்கி, ஆப்பிள் வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே வேறொன்றை எழுதித் தந்தார். அதில் பேரன் "மாப்பிள்ளை வந்தாச்சு" என்று சொல்ல, தாத்தா "மாத்திரை வந்தாச்சா? மேஜை மேல வை" என்கிறார். இதற்குச் சிரிப்பு வருமா என்று கேட்டேன். "வரும், வராமலும் போகும். ஆனா அப்படித்தான் கேக்கும். அவன் காலையிலேர்ந்து மாத்திரைக்குத்தானே காத்துக்கிட்டிருக்கான்" என்றார். ஒத்திகையில் அந்த வரியை அப்படியே வைத்திருக்கிறோம்.